வாடிக்கையாளரின் பெரிய போர்வையைச் சிறிய மெசினில் தைத்தல்

வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் பெற்ற குடும்பங்களுக்கான பாடம் இது. பாடசாலைச் சீருடை, சட்டை, சேலை ஓரம் என்று தைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் பெரிய ஓடர் ஒன்று வந்து சேரும். அப்படி வந்த ஒன்றிலிருந்து இதைத் தொடங்குகிறோம்.

வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது, ஓர் அக்கா தன் கொட்டிலின் மூலையில் இருந்த உரப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே பாதி தைத்த போர்வை ஒன்று இருந்தது. திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண், காலமான தன் தாயின் 8 சேலைகளைக் கொடுத்து, அவற்றை வெட்டிப் பொருத்தி இரட்டைக் கட்டிலுக்கு ஒரு குவில்ட் தைத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். 10 நாளில் அவர் திரும்பிப் போக வேண்டும். அக்கா "ஓம்" என்று சொல்லிவிட்டார்.

துண்டுகளைப் பொருத்தி மேல்துணியை 4 நாளில் முடித்துவிட்டார். அடியில் துணியும் நடுவில் பஞ்சு விரிப்பும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. மெசினுக்குள் போர்வை போகவில்லை. பின்னாலிருந்து இழுத்தார், ஊசி முறிந்தது. மூன்று ஊசிகள் அப்படிப் போயின. திருப்பிப் பார்த்தால் அடித்துணி மடிந்து மடிந்து தைபட்டிருந்தது. பிரிக்கும்போது பழைய பட்டு நூல்வழியே கிழிந்துவிட்டது.

"காசை விடுங்கோ, குடுத்த முற்பணத்தைத் திருப்பிக் குடுத்திட்டன். அது அந்தப் பிள்ளையின்ர அம்மான்ர கூறைச் சேலை. அதுக்கு நான் என்னத்தைத் திருப்பிக் குடுக்கிறது?" என்றார்.

அந்தப் பெண் கோபிக்கவில்லையாம். ஆறுதலாகத் தைத்து உறவினரிடம் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கோபித்திருந்தால் இதைவிட நல்லது என்று அக்கா சொன்னார். இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு, ஒருவரிடம் எஞ்சியிருக்கும் ஒரு சேலை என்னவென்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இதை எழுதுகிற நான் கலைப்பீடத்தில் படித்தவள். எனக்குப் பொத்தான் தைக்கத்தான் தெரியும். எங்கள் தையல் பயிற்றுநர் சொல்லச் சொல்ல எழுதி, அந்த அக்காவுக்கும் வாசித்துக் காட்டித் திருத்தியது இந்தப் பாடம். தன்னுடைய பெயரைப் போட வேண்டாம் என்றார். கதையைப் போடச் சொன்னார்.

எங்கே சிக்குகிறது?

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுகள் பொருத்திய துணி, நடுவே பஞ்சு விரிப்பு அல்லது பழைய மெத்தென்ற துணி, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் விலகாமல் இருக்க மேலிருந்து கீழாக வரிவரியாகத் தைக்கிறோம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் காந்தாவும் இதே வழிதான். கையால் தைப்பவருக்குப் போர்வையின் அளவு ஒரு பிரச்சினையில்லை. ஊசி போர்வையைத் தேடிப் போகும். மெசினில் அப்படியில்லை, போர்வைதான் ஊசியைத் தேடி வர வேண்டும்.

உங்கள் மெசினில் ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண்வரை அளவு நாடாவைப் பிடித்துப் பாருங்கள். வீட்டு மெசின்களில் இது பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலம்வரை இருக்கும். இரட்டைக் கட்டில் போர்வையின் அகலம் 90 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவரியைத் தைக்கும்போது 45 அங்குலத் துணி, மூன்று அடுக்கோடு சுருண்டு, அந்தச் சிறு இடைவெளிக்குள் இருக்க வேண்டும். மீதி 45 அங்குலம் இடப்பக்கம் மேசையை விட்டுத் தொங்கும். தொங்கும் பாரம் துணியை இழுக்கும். துணி ஊசியை இழுக்கும். ஊசி வளைந்து அடித்தகட்டில் பட்டு முறியும். அக்காவின் மூன்று ஊசிகளும் முறிந்தது இப்படித்தான். மெசினில் பழுது எதுவும் இல்லை.

மடிப்பு விழுவதற்குக் காரணம் வேறு. மெசினின் அடியில் உள்ள பல், அடித்துணியை முன்னே தள்ளுகிறது. மேலே அழுத்தும் பாதமோ மேல்துணியைத் தடுத்து வைக்கிறது. ஒரு சட்டைக் கையில் இந்த வித்தியாசம் தெரியாது. 99 அங்குல வரியில் அது சிறிது சிறிதாகச் சேர்ந்து, கடைசியில் ஒரு பெரிய சுருக்கமாக வந்து நிற்கும். சேலைப்பட்டு வழுக்கும் என்பதால் இன்னும் மோசம்.

"ஓம்" சொல்வதற்கு முன்

முதலில் துணியைப் பார்க்க வேண்டும். அதுவும் வாடிக்கையாளர் முன்னிலையில். ஒவ்வொரு சேலையையும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல வருடம் மடித்து வைத்த பட்டு, மடிப்பு வழியே இற்றுப்போயிருக்கும். அந்த இடங்களில் ஊசி பட்டால் தாங்காது. சிவப்பு, கத்தரிப்பூ நிறத் துணிகளை நனைத்த வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், கழுவும்போது பக்கத்துத் துண்டுகளிலும் இறங்கும். பருத்திச் சேலையும் அடித்துணியும் சுருங்கக்கூடியவை. வெட்டுவதற்கு முன் கழுவிக் காயவிட வேண்டும். பட்டை அப்படிக் கழுவ வேண்டாம். இந்தச் சோதனையில் கண்ட குறைகளை அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது சாட்டாகத்தான் கேட்கும்.

அடுத்தது எவ்வளவு வெட்டுவது என்பது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 9 அங்குலச் சதுரங்கள் அகலத்தில் 10, நீளத்தில் 11 வைத்தால் போர்வை 90 அங்குல அகலமும் 99 அங்குல நீளமும் கொண்டதாக இருக்கும். மொத்தம் 110 சதுரங்கள். தையலுக்கு நாற்புறமும் அரை அங்குலம் விட்டு 10 அங்குலமாக வெட்ட வேண்டும். 8 சேலைகளில் ஒவ்வொன்றிலும் 14 சதுரம் எடுத்தால் 112 வரும், அது போதும். 45 அங்குல அகலச் சேலையில் குறுக்கே 4 சதுரம் வெட்டலாம். 14 சதுரத்துக்கு 4 வரிசை, அதாவது 40 அங்குல நீளம். 6 யார் சேலையில் இது ஒரு யாரைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான்!

ஆகவே தாயின் சேலையை முழுதாக வெட்டவே தேவையில்லை. இடுப்பில் செருகும் உட்பக்கத் தலைப்பில் இருந்து எடுத்துக்கொண்டு, முந்தானையையும் மீதியையும் முழுதாகத் திருப்பிக் கொடுக்கலாம். பலருக்கு இது தெரியாது. கேட்கவும் மாட்டார்கள். நீங்களே சொல்லுங்கள். மீதித் துணி இருப்பதால் ஒரு துண்டு பழுதானாலும் மாற்ற வழியிருக்கும். அந்த அக்காவுக்கும் கடைசியில் இதுதான் கைகொடுத்தது. கூறைச் சேலையின் மீதியிலிருந்து புதிய சதுரங்கள் வெட்டிக் கிழிந்தவற்றுக்குப் பதிலாக வைத்தார்.

நாள் கணக்கும் விலையும்: மேல்துணி பொருத்துவது வேலையின் பாதிகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய மாதிரி ஒன்றைத் தைத்து, ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து, வரிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதோடு விரித்தல், நூலோடுதல், பிரித்துத் தைத்தல், ஓரம் கட்டுதல் எல்லாவற்றுக்கும் நாள் போடுங்கள். வீட்டில் சமையல், தண்ணீர் அள்ளுதல், கிணறு துப்புரவாக்கும் சிரமதானம் எல்லாம் அந்த நாட்களிலும் இருக்கும். பிறகு, அத்தனை நாள் கூலிவேலைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று பார்த்து அதற்குக் குறையாமல் கூலியைச் சொல்லுங்கள். அடித்துணி, பஞ்சு விரிப்பு, நூல், ஊசி ஆகியவற்றின் விலை கூலியில் சேராது. அதை முழுவதும் முற்பணமாக வாங்க வேண்டும். சொந்தக் காசில் துணி வாங்கித் தைத்துவிட்டு, வாடிக்கையாளர் வந்து எடுக்கும்வரை காத்திருக்க எங்களில் யாருக்கும் வசதி இல்லை.

ஒரு கொப்பித் தாளில் இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்:

பெற்ற துணிகள், எண்ணிக்கை, நிறம்: ........
பெறும்போது இருந்த கிழிசல், கறை, இற்ற இடம்: ........
முடிந்த போர்வையின் அளவு: ........
நடுவே வைப்பது: ........
முற்பணம் / மீதி: ........
ஒப்படைக்கும் திகதி: ........
மீதித் துணியைத் திருப்பிப் பெறுபவர்: ........

தெரிந்த ஆளிடம் எப்படி எழுதி வாங்குவது என்று பலர் கூச்சப்படுகிறார்கள். பிரச்சினை வருவது பெரும்பாலும் தெரிந்த ஆட்களுக்கிடையில்தான்.

10 நாள் போதாது என்றால் போதாது என்று சொல்லுங்கள். 36 அங்குலச் சிறு போர்வை ஒன்றையோ இரண்டு தலையணை உறையையோ அந்த நாட்களுக்குள் தரலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று பாகமாகத் தைத்தல்

பெரிய போர்வையை முழுதாக மெசினுக்குள் திணிக்காமல் நீளவாட்டில் மூன்று பாகமாகத் தைத்துப் பிறகு பொருத்துவதே எங்கள் பயிற்றுநரின் முதல் ஆலோசனை. முழுதாகத் தைக்க முடியாது என்றில்லை. அகன்ற மேசையும், துணியைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவரும் இருந்தால் முடியும். எங்களில் பலருக்கு இப்போது இருப்பது ஒரு மிதி மெசினும் தகரக் கூரைக்குக் கீழே சிறிது இடமும்தான்.

10 வரிசைச் சதுரங்களை 3, 4, 3 என்று பிரியுங்கள். முடிந்த அகலம் 27, 36, 27 அங்குலம். மிக அகலமான நடுப்பாகத்தில்கூட 18 அங்குலம்தான் மெசினின் கைக்குக் கீழே போக வேண்டும். முன்பு அது 45 அங்குலம்.

அடித்துணிக்கும் இது வசதி. அடித்துணி எப்போதும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், தைக்கும்போது உள்வாங்கும் என்பதால். முழுப் போர்வைக்கு 98 அங்குல அகலம் தேவை. 45 அங்குலத் துணி இரண்டை இணைத்தால் 90கூட வராது. மூன்றாவது நீளம் வேண்டும். கடையில் இரண்டு நீளம் மட்டும் வாங்கி வந்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். மூன்று பாகமாகத் தைத்தால், பாகத்துக்கு 3 யார் வீதம் 9 யார். நடுப்பாகத்துக்கு 44 அங்குலம், ஓரப்பாகங்களுக்கு 35 அங்குலம். எல்லாம் ஒரே அகலத் துணிக்குள் அடங்கும். ஓரப்பாகத் துணிகளில் மிஞ்சும் 10 அங்குலப் பட்டிகளை இரண்டரை அங்குலமாகக் கிழித்தால் போர்வையைச் சுற்றி ஓரம் கட்டவும் போதும். சுற்றளவு பத்தரை யார்.

சதுரங்களை நூல் ஓடும் திசைக்கு நேராக வெட்டுங்கள். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபடும். அட்டையில் ஒரு 10 அங்குல அளவுத்துண்டு செய்து அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலம் பிசகினால், 10 சதுர வரிசையில் 9 தையலுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் கோணல் வந்துவிடும். பொருத்தியதும் தையல்களை அழுத்திவிடுங்கள். கரிப்பெட்டியால் அழுத்துபவர்கள் பட்டின் மேல் ஒரு பருத்தித் துணியை விரித்துக்கொள்ள வேண்டும்; ஒரு சிறு தணல் போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

நடுவே என்ன வைப்பது? எங்கள் வெயிலுக்கு, கழுவிப் பழகிய பருத்திப் படுக்கை விரிப்பே போதும். குளிர்நாட்டுக்குப் போகும் போர்வை என்றால் கடையில் விற்கும் பஞ்சு விரிப்பு, மெல்லியதாகப் பார்த்து. இலவம்பஞ்சைத் தூவிப் பரப்ப வேண்டாம். முதல் கழுவலிலேயே ஒரு பக்கம் திரண்டுவிடும்.

இப்போது விரித்தல். ஒரு பாகம் கிட்டத்தட்ட 9 அடி நீளம். கொட்டிலுக்குள் இடமில்லையென்றால் பொதுநோக்கு மண்டபத்தையோ முன்பள்ளியையோ ஒரு பின்னேரம் கேட்டுப் பெறுங்கள். பாயை விரித்து, அடித்துணியைக் கவிழ்த்துப் போட்டு, சுருக்கமில்லாமல் இழுத்து, நான்கு ஓரத்திலும் பாரம் வையுங்கள். இறுக்கி இழுக்க வேண்டாம், நேராக இருந்தால் போதும். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே கையால் தடவிச் சுருக்கத்தை வெளியேற்றிக்கொண்டே போங்கள்.

மூன்றையும் கையால் நீட்டு நூலோட்டமாகப் பிணைக்க வேண்டும். இந்த நூலோட்டம் பிறகு பிரித்தெடுப்பதற்கு. அதனால் மாறுபட்ட நிற நூலில், கைவிரல் நான்கும் அகட்டிய இடைவெளிக்கு, அதாவது சுமார் 4 அங்குலத்துக்கு ஒரு வரி. நடுவில் தொடங்கி வெளியே போங்கள். பட்டில் குண்டூசியும் சேப்டி பின்னும் ஓட்டை விடும் என்பதால் நூலே நல்லது. இது அலுப்பான வேலை. அக்கா இதைத்தான் தவிர்த்தார். நாலு மூலையிலும் நடுவிலும் பின் குத்திவிட்டுத் தைக்கத் தொடங்கியிருக்கிறார். பாடம் முழுவதிலும் ஓர் இடத்தில் மட்டும் பொறுமை காட்ட முடியும் என்றால் அதை இங்கே காட்டுங்கள்.

மெசினில்

மேசை சிறிதென்றால், இடப்பக்கத்திலும் பின்னாலும் மெசின் உயரத்துக்குக் கதிரையோ பலகையோ வைத்து துணியின் பாரத்தை அதில் ஏற்றுங்கள். துணி எங்கும் தொங்கக்கூடாது. புதிய ஊசி, 14ஆம் இலக்கம். தையலைச் சற்று நீளமாக, அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வரும்படி வையுங்கள். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் சிறிது தளர்த்துங்கள். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் நடக்கும் பாதம் என்று ஒன்று விற்கிறார்கள். உங்கள் மெசினுக்குப் பொருந்துமா என்று கொண்டுபோய்ப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இல்லாவிட்டாலும் தைக்கலாம்.

அதே துணிகளின் வெட்டுத்துண்டில், அதே மூன்று அடுக்கோடு ஓர் அடி அளவில் மாதிரி தைத்துப் பாருங்கள். நூல் இறுக்கம் சரியா, பட்டு தாங்குகிறதா என்று அதில் தெரியும். போர்வையில் தைத்துப் பிரித்தால் பட்டில் ஓட்டை நிற்கும்.

நீளவாட்டு வரிகள் மட்டும் போதும். சதுரங்களின் பொருத்துத் தையல் மேலே ஒரு வரி, சதுரத்தின் நடுவே ஒரு வரி என்று நாலரை அங்குலத்துக்கு ஒன்று. பாகங்கள் சேரும் இரண்டு இடத்தையும் விட்டால் 17 வரிகள். 47 யார் தையல். மேல்நூலும் பொபின் நூலும் சேர்த்து 140 யார் வரை எடுத்து வையுங்கள். பாதி வரியில் பொபின் தீர்ந்தால் முடிச்சு நடுவில் விழும். ஒவ்வொரு வரிக்கும் முன் பொபினைப் பாருங்கள்.

ஒவ்வொரு பாகத்திலும் நடுவரியை முதலில் தையுங்கள். பிறகு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். வலப்பக்கத் துணியை இறுக்கமாகச் சுருட்டிக் கைக்குக் கீழே விடுங்கள். இரண்டு கையையும் ஊசிக்கு இருபுறமும் விரித்து வைத்து துணியைத் தட்டையாகப் பிடித்தால் போதும், நகர்த்துவது பல்லின் வேலை. பின்னாலிருந்து இழுக்கவே கூடாது. சுருளைச் சரிசெய்ய நிறுத்தும்போது சில்லைக் கையால் திருப்பி ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு நிறுத்துங்கள். மிதி மெசின்காரருக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது. கால் எவ்வளவு மெதுவாக மிதிக்கிறதோ அவ்வளவு மெதுவாகத் தைக்கலாம். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பின்னால் நின்று துணியை ஏந்தினால் நல்லது. ஏந்த மட்டும்தான், அவரும் இழுக்கக்கூடாது.

ஒரு வரி முடிந்ததும் போர்வையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மடிப்பு இருந்தால் அந்த இடத்தை மட்டும் உடனே பிரித்துத் தையுங்கள். ஐந்து வரி போன பிறகு கண்டால், ஐந்தையும் பிரிக்க வேண்டி வரலாம்.

பாகங்களைப் பொருத்தும்போது, அடித்துணியையும் நடுத்துணியையும் பின்னால் மடித்துக் கட்டிவிட்டு, மேல்துணிகளை மட்டும் முகத்தோடு முகம் வைத்து அரை அங்குலத்தில் மெசினில் தையுங்கள். இந்தத் தையலில் போர்வை முழுவதும் இடப்பக்கம்தான் இருக்கும். கைக்குக் கீழே எதுவும் போகாது. பிறகு கவிழ்த்து விரித்து, நடுத்துணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு முட்டும்படி வெட்டி, கையால் பெரிய தையலாகப் பிணையுங்கள். அடித்துணிகளில் ஒன்றைத் தட்டையாகப் படுக்கவைத்து, மற்றதன் விளிம்பை அரை அங்குலம் உள்ளே மடித்து அதன்மேல் வைத்துக் கையால் எம்மிங் செய்யுங்கள். இரண்டு பொருத்துக்கும் சேர்த்து ஐந்தரை யார் கைத்தையல். இரண்டு பின்னேர வேலை. கடைசியாகச் சுற்றிவர ஓரம்.

ஒப்படைக்கும்வரை

துணி உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு இரவும் உங்கள் பொறுப்பு. நிலத்தில் வைத்தால் கறையான், கூரைக்குக் கீழே தொங்கவிட்டால் ஒழுக்கு, உரப்பைக்குள் வைத்தால் எலி. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி அல்லது தகரப் பெட்டி, கல் மேலே ஏற்றி வைத்தது, நல்லது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் தைக்க வேண்டாம். புகைக்கரி பட்டில் ஏறினால் போகாது; இரவில் நிறமும் தெரியாது. மெசினுக்கு எண்ணெய் விட்ட நாளில் முதலில் பழந்துணியில் சில வரி தைத்துவிட்டுப் போர்வையைத் தொடுங்கள்.

ஏதாவது பழுதானால் அன்றைக்கே வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். கிழிந்த துண்டையும் எறியாமல் எடுத்து வையுங்கள், அது அவருடையது. ஒப்படைக்கும்போது போர்வையை விரித்துக் காட்டி, மீதிச் சேலைகளைத் துண்டுச்சீட்டைப் பார்த்து எண்ணிக் கொடுத்து, சீட்டில் மீண்டும் கையொப்பம் வாங்குங்கள். பட்டுக் கலந்த போர்வையை மெசினில் போட்டுக் கழுவ வேண்டாம் என்பதையும் வாயால் சொல்லாமல் எழுதியே கொடுங்கள். வெளிநாட்டில் கழுவப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.

அக்கா தன் போர்வையை மூன்றாகப் பிரித்து, பழைய வரிகளை எடுத்துவிட்டு, மறுபடி தொடங்கினார். இதை அச்சுக்குக் கொடுக்கும்போது இரண்டு பாகம் முடிந்திருக்கிறது. கூறைச் சேலைச் சதுரங்கள் நடுப்பாகத்தில் வருகின்றன. அதைக் கடைசியாகத் தைக்க வைத்திருக்கிறார். பொருத்துவதற்கு முன்பள்ளி மண்டபத்தை வருகிற சனிக்கிழமைக்குக் கேட்டிருக்கிறார்.